ஸ்பேசரில் ஒட்டிய சந்தனம்

கடைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்த்ததும் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நாற்காலி இழுத்துப் போடுவீர்கள், டீ வாங்கிக் கொடுப்பீர்கள், கொஞ்சம் நெளிவீர்கள். அப்புறம் அது வரும். "அண்ணாச்சி, பிஜு சேட்டன் ஆதியில இங்கதான் வேலை பார்த்ததாமே? நீங்க கூட இருந்தீங்களா?"

இருந்தேன். கரமனையில் இதே டயர் கடையில், இதே தகரக் கூரைக்குக் கீழே இருவரும் வேலை பார்த்தோம். இன்று அவனுக்கு பைபாஸ் ஓரத்தில் பெரிய கடை. மலை ஏறும் ஜீப்புகளுக்குப் பெரிய டயர் மாட்டவேண்டும் என்றால் கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் அவனைத் தேடி வருகிறார்கள். போனைத் திறந்தால் அவன் வீடியோ வந்து நிற்கிறது. நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம். வயதானால் அதெல்லாம் அடங்கிவிடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எனக்கு அடங்கவில்லை.

ஆனால் நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கப் போகிறவர்கள். வீடியோவில் அவன் சொல்லாத ஒரு நாள் இருக்கிறது. அதை நான்தான் சொல்லவேண்டும். எனக்குப் பிடிக்காமல்தான் சொல்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் அலைன்மென்ட் பார்க்கிறவன். சக்கரம் நேராக நிற்கிறதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது என் வேலை. அந்த வேலை குழிக்குள் நின்று, வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. பிஜு மேலே நின்று சக்கரம் மாட்டுகிறவன். வண்டிக்காரர்கள் வேலை முடிந்ததும் படம் எடுத்துக் கடையின் வாட்ஸப் குழுவில் போடுவார்கள். படத்தில் புது டயர் இருக்கும், பக்கத்தில் பிஜு சிரித்துக்கொண்டு நிற்பான். ஓரத்தில் சில சமயம் என் முழங்கை இருக்கும். குழியில் நிற்கிறவனை யார் படம் எடுப்பார்கள்?

அவன் வந்த புதிதில் நடந்தது ஒன்று. ஒரு பையன் ஜீப்பைக் கொண்டுவந்து, கிடைப்பதிலேயே பெரிய டயர் வேண்டும் என்றான். நான் குழியிலிருந்து ஏறி வந்து, "அது பாடியில உரசும் தம்பி, வேண்டாம்" என்று நல்லதாகத்தான் சொன்னேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இந்தக் கடை வேண்டாம் என்கிற மாதிரி சாவியைச் சுழற்றினான். பிஜு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனை ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பிடிக்கச் சொன்னான். பிறகு அவனை வண்டியிலிருந்து இறக்கி, சக்கரத்துக்கும் உள்ளே இருக்கும் இரும்புக்கும் நடுவே அவன் கையையே நுழைக்கச் சொன்னான். இருக்கிற டயருக்கே கை நுழையவில்லை. பையன் சிரித்துவிட்டு, "ஒரு சைஸ் குறைச்சே போடு சேட்டா" என்றான். நான் சொன்னதும் அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் நான் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது, பிஜு காட்டியபோது சிரிப்பு வந்தது. வண்டிக்காரனிடம் வாயால் சொல்வதைவிட அவன் கைக்குக் காட்டிவிடுவது நல்லது. இதை நான் பிஜுவிடம் கற்றுக்கொண்டேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

இப்படி ஒன்றிரண்டு நடந்ததும் எனக்கு உள்ளுக்குள் எரிய ஆரம்பித்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? தினமும் சாயங்காலம் அவன் கை கழுவிக்கொண்டு கிளம்பியதும், அவன் முடித்து வைத்த வண்டிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருவேன். நட்டுகளில் ரெஞ்ச் போட்டுப் பார்ப்பேன். சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பேன். ஒரே ஒரு நட் தளர்ந்திருந்தால் போதும், மறுநாள் காலையில் மொதலாளி முன்னால் வைத்து அவனை ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று ஆசை. ஒன்றும் அகப்படவில்லை. மாதக்கணக்கில் தேடியும் அகப்படவில்லை. தப்பே செய்யாதவனோடு வேலை பார்ப்பது எவ்வளவு எரிச்சல் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நவராத்திரி வந்தது.

நம் மொதலாளிக்குப் பூர்வீகம் வள்ளியூர். ஆயுதபூஜையில் பொரியும் கடலையும் நம் ஊர்ப்படி. பூஜை வைப்பது இந்த ஊர்ப்படி. அஷ்டமி சாயங்காலம் கடையின் ஆயுதங்கள் அத்தனையும் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிடவேண்டும். விஜயதசமி காலையில் மொதலாளி கையால் எடுத்துக் கொடுக்கும்வரை ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடக்கூடாது. நவமியன்று இந்த ஊரில் பெரும்பாலான பட்டறைகள் அப்படித்தான் கிடக்கும்.

அந்த அஷ்டமியன்று மதியத்துக்கு மேல் ஒரு கான்ட்ராக்டர் ஜீப்போடு வந்தார். விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குக் கருங்கல் கொண்டுவந்து இறக்குகிறவர். நல்ல மனிதர், ஆனால் சத்தம் அதிகம். மறுநாள் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பொன்முடி போவதாக வீட்டில் சொல்லிவிட்டாராம். அதற்கு முன் பெரிய டயரும் ஸ்பேசரும் மாட்டியாகவேண்டும்.

ஸ்பேசர் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை அதில்தான் இருக்கிறது. கனமான ஒரு அலுமினிய வளையம். பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உட்பக்கம் உரசும் இல்லையா, அதற்காக வளையத்தை முதலில் வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரம் வந்து உட்காருகிற நடு இரும்பில், நட் போட்டு முடுக்கி, அந்த வளையத்தின் மேல் சக்கரத்தை மாட்டுவோம். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆபத்து என்னவென்றால், சக்கரத்தை மாட்டிவிட்டால் வளையத்தின் நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஆழமாக உட்கார்ந்திருக்கும். அவை தளர்ந்தால் வெளியே இருக்கிற நட்டுகளைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஹப்பின் முகமும் வளையத்தின் முகமும் இரும்பும் அலுமினியமுமாக நேருக்கு நேர் ஒட்டி உட்காரவேண்டும். நடுவில் துரு, பெயின்ட், மண் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் ஓட ஓட அது நொறுங்கும். அது நொறுங்கிய அளவுக்கு முடுக்கு விட்டுப்போகும்.

கான்ட்ராக்டரின் அம்மா கூடவே வந்திருந்தார். புதுச் சாமான்களை அப்படியே மாட்டக்கூடாது, தேவி முன்னால் வைத்து எடுத்துத்தான் மாட்டவேண்டும் என்றார். மொதலாளிக்கும் அது சரி என்று பட்டது. நான் அந்த நேரம் குழிக்குள் வேறொரு வண்டிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே மணிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிஜு ஜீப்பில் ஸ்பேசர் மாட்டுகிற சத்தம் கேட்டது. "விளக்கு கொளுத்த நேரமாச்சு, ஆயுதத்தைக் கொண்டாங்கடே" என்று மொதலாளி கத்திக்கொண்டே இருந்தார். கடைசியாக ஜீப் என் குழிமேல் வந்தது. நான் அலைன்மென்ட் பார்த்து முடித்தேன். குழியிலிருந்து ஏறுவதற்குள் என் கையிலிருந்த ரெஞ்சையும் வாங்கிப் பூஜைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜீப் தெருவில் இறங்கிவிட்டது. அன்றைக்கு என் சாயங்காலச் சுற்று நடக்கவில்லை.

மறுநாள் நவமி. மொதலாளி வள்ளியூரில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார். கடையின் சாவி என்னிடம் இருந்தது. பூஜை விளக்கு அணையாமல் எண்ணெய் விடவேண்டியது என் பொறுப்பு. காலையில் விளக்கைப் பார்த்துவிட்டு, பொரியைக் கொறித்துக்கொண்டு போனை எடுத்தேன். குழுவில் கான்ட்ராக்டர் படங்களாகக் கொட்டியிருந்தார். முதல் படத்தில் ஜீப். பின் சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் பிஜு.

பொன்முடிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள்! எத்தனை வருஷம் எத்தனை பேர் வண்டியை நேராக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தர், வாரும் அண்ணாச்சி, ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று கூப்பிட்டதில்லை. பொரி தொண்டையில் இறங்கவில்லை. நெஞ்சு கரிக்கிறது என்பார்களே, அது நிஜமாகவே கரிக்கும்.

அதற்கு மேலே முந்தின நாள் படங்கள் இருந்தன. பிஜு வேலை செய்கிற படங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? குற்றம் கண்டுபிடிக்கத்தான். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

ஒரு படத்தில் வாழையிலையில் நாலு ஸ்பேசர்கள். ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பியிருந்தது. அடுத்த படத்தில் பிஜு முன் இடது சக்கரத்தின் பக்கம் குந்தியிருக்கிறான். பக்கத்தில் கான்ட்ராக்டரின் அம்மா கைகூப்பி நிற்கிறார். அவன் கையில் ஸ்பேசர். ஹப்பில் போய் உட்காரவேண்டிய முகம் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அந்த முகத்தில் மூன்று இடத்தில் கட்டியாகச் சந்தனம். அதற்கடுத்த படத்தில் ஸ்பேசர் ஹப்பில் ஏறிவிட்டது. விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு பிதுங்கி நிற்கிறது. துடைக்காமலே மாட்டிவிட்டான்.

சந்தோஷப்பட்டேன். உங்களிடம் என்ன மறைப்பது. எழுந்து நின்று, பூஜையில் இருந்த சரஸ்வதியைப் பார்த்து, "அகப்பட்டான் பாத்தியா!" என்றே சொல்லிவிட்டேன். அவ்வளவு நாள் தேடினது கையில் கிடைத்துவிட்டது. படம் சாட்சி. மறுப்பதற்கு வழியே இல்லை.

உட்கார்ந்து முதல் படத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை பிஜுவைப் பார்க்கவில்லை. சின்னப் பெண் ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டி முன் சீட்டில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கல்லாறு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது. ஏறும்போது ஒருவேளை தாக்குப்பிடிக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது முன் சக்கரத்தில்தான் பாரம் விழும். சந்தனம் அதற்குள் காய்ந்து பொடியாகியிருக்கும்.

பிஜுவைக் கூப்பிட்டேன். "நிங்ஙள் விளிக்குன்ன ஆள் பரிதிக்கு புறத்தாணு" என்று ஒரு பெண் குரல் பாடியது. கான்ட்ராக்டருக்குப் போட்டால் அவரும் எல்லைக்கு வெளியே. விதுரை தாண்டிவிட்டால் அப்படித்தான். கடைசியில் மொதலாளிக்குப் போட்டேன்.

"என்னவே, வெளக்கு எரியுதா?" என்றார்.

"வெளக்கு எரியுது மொதலாளி. கான்ட்ராக்டர் ஜீப்புல பிஜு ஸ்பேசரைச் சந்தனத்தோட மாட்டிட்டான். முன் எடது சக்கரம். அவனையும் கூட்டிக்கிட்டு அவங்க மலைக்குப் போறாங்க. டார்க் ரெஞ்சும் சன்ன சாக்கெட்டும் வேணும். எடுத்துட்டுப் போறேன்."

"பூஜையில இருக்கதையா? உமக்கு என்ன கிறுக்கா? நாளைக்கு நான் வந்து எடுத்துத் தாரேன்."

"நாளைக்கு எடுத்து என்ன செய்ய மொதலாளி? அவங்க இன்னைக்குப் போறாங்க."

"ஓய், பதறாதிரும். பிஜு கூடத்தானே போயிருக்கான். அவன் பாத்துக்கிடுவான்."

வைத்துவிட்டார். அவன் பார்த்துக்கொள்வான்! தப்புச் செய்ததே அவன். அதைக் கண்டுபிடித்தது நான். அப்போதும் அவன்தான் பார்த்துக்கொள்வானாம். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நான் கிளம்பினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பாதி அதுதான். மீதிப் பாதி, மொதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தை.

செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். "தாயே, உன்கிட்ட இருக்கதை எடுக்கேன். கோவிச்சுக்கிடாதே" என்று சொல்லி, சரியான அளவுக்கு முடுக்கியதும் கிளிக் என்று சொல்கிற டார்க் ரெஞ்ச், ஆழத்துக்குள் போகிற சன்னமான சாக்கெட், கம்பி பிரஷ் மூன்றையும் எடுத்துத் துண்டில் சுற்றினேன். ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிளம்பினேன். நெடுமங்காடு வரும்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எல்லோர் முன்னாலும் படத்தை எடுத்துக் காட்டவேண்டும். "இது என்னடே?" என்று மட்டும் கேட்கவேண்டும். வேறு எதுவும் பேசக்கூடாது. அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். நெடுமங்காடு தாண்டி, மலை தெரிய ஆரம்பித்ததும் ஒத்திகை நின்றுவிட்டது. எதிரே ஆம்புலன்ஸ் வரக்கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனேன்.

கல்லாற்றில் கடைகளைத் தாண்டி ஓரமாக ஜீப் நின்றது. முழுதாக நின்றது. முன் இடது பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தது. பிள்ளைகள் ஆற்றங்கரையில் மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். பாட்டியும் கான்ட்ராக்டரின் மனைவியும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கான்ட்ராக்டர் ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எடா, என்டெ வண்டி, என்டெ சாவி! தா இங்கே! மெல்லத் திருப்பி விதுர வரை ஓட்டிட்டுப் போலாம்னுதானே சொல்றேன்."

பிஜு சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. மேலே கையை வைத்துப் பொத்தியிருந்தான்.

"தரமாட்டேன் சாரே. ஒரு அடி நகராது. நீங்க அடிச்சாலும் சரி."

"எத்தனை நேரம்டா இங்க இருக்கது?"

"அண்ணாச்சி வரும்."

"எந்த அண்ணாச்சி? யாரு விளிச்சு? போன்ல ரேஞ்சே இல்லையே!"

அப்போதுதான் என் ஸ்கூட்டர் அவர்கள் பக்கத்தில் போய் நின்றது. பிஜு எழுந்தான். என் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். "தோ, நான் பறஞ்சேன்ல சாரே" என்றான். ஆச்சரியமே இல்லை அவன் முகத்தில். பஸ் வரவேண்டிய நேரத்துக்கு வந்த மாதிரி.

என்ன நடந்தது என்று அவனே சொன்னான். டீ குடிக்க நிறுத்தியபோது சின்னப் பெண் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, "அச்சா, ஜீப் மணக்குது" என்று அப்பாவிடம் சொன்னாளாம். போய்ப் பார்த்தால் சூடான ஹப்பிலிருந்து சந்தன வாசனை. அவன் உடனே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஆடியது. வண்டியிலிருந்த ஸ்பானரால் சக்கரத்தைக் கழற்றலாம், உள்ளே இருக்கும் நட்டுக்கு அது இறங்காது. கல்லாற்றிலும் வரும் வழியில் விதுரையிலும் பார்த்த ஒன்றிரண்டு பட்டறைகளும் பூஜை வைத்துப் பூட்டியிருந்தன. அதனால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் போனில் படத்தை எடுப்பதற்குள் அவன் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினான். "தப்பு என்னோடது சாரே. அம்மா பக்கத்துல நிக்கறப்ப சாமி சந்தனத்தைப் பழந்துணியால துடைக்க கை வரல. ஈரமாத்தானே இருக்கு, பிதுங்கிப் போயிடும்னு விட்டுட்டேன். மத்த மூணுக்கும் அம்மா அந்தப் பக்கம் போனதும் துடைச்சுட்டேன். இதைத் திரும்பக் கழத்தித் துடைக்க மறந்துட்டேன்."

சொல்லிவிட்டான். நான் அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் சுமந்துகொண்டு வந்ததை அவனே எடுத்து நடுரோட்டில் வைத்துவிட்டான். போனை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டி பெஞ்சிலிருந்து, "என் சந்தனத்தாலயா மோனே?" என்று பதறினார். "இல்லம்மா, என் கையால" என்றான். "அடுத்த தடவை வெளிப்பக்கமா வச்சா போதும், கேட்டோ."

சக்கரத்தைக் கழற்றினோம். சாக்கெட்டை உள்ளே விட்டு முதல் நட்டில் வைத்தேன். ரெஞ்சை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பினேன், சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்பேசரைக் கழற்றினால் உள்ளே சந்தனம் காய்ந்து மாவாகக் கொட்டியது. இரண்டு முகத்தையும் பிரஷ் போட்டு, துடைத்து, விரலால் தடவிப் பார்த்து மாட்டினோம். டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும்வரை நான்தான் இழுத்தேன். அவன் கொடு என்று கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மற்ற மூன்று சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். அவை சுத்தமாக, கல் மாதிரி இருந்தன.

ஆற்றில் கை கழுவும்போது கேட்டேன். "நான் வருவேன்னு உனக்கு எப்படிடே தெரியும்?"

"நீங்க தினமும் என் வேலையில தப்பு தேடறது எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நட்டுல நான் போட்ட மார்க் காலையில ஒரு நூல் நகர்ந்திருக்குமே. வந்த முதல் மாசமே தெரியும். எனக்கு அது ஒரு தைரியம். நான் விட்டாலும் அண்ணாச்சி விடாதுன்னு. குழுவுல படம் கிடக்கு, இன்னைக்கு அதுலயாவது தேடுவீங்கன்னு தெரியும்." மணலை அள்ளிக் கையில் தேய்த்தான். "நேத்து நீங்க பாக்கல. ராத்திரி எனக்கு உறக்கமே வரல. எதையோ விட்டுட்டேன்னு ஒரு தோணல், எதுன்னு தெரியல. அதான் காலையில சார் வீட்டுக்குப் போயி, என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டு ஏறினேன். அவருக்கு அவ்வளவு இஷ்டமில்ல, இடம் பத்தாதுன்னாரு."

அவர்கள் கூப்பிட்டுப் போகவில்லை. நான் பார்க்காத வண்டி என்பதால் கெஞ்சி ஏறியிருக்கிறான். காலையில் பொரி இறங்காமல் நான் எதைப் பார்த்துக் கரித்தேனோ, அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

இங்கே நீங்கள் கவனிக்கவேண்டியது சந்தனத்தை மட்டும் அல்ல. சந்தனத்தை இனி நீங்கள் துடைத்துவிடுவீர்கள். யார் கைகூப்பி நின்றாலும், "ஒரு நிமிஷம் அம்மா" என்று சொல்லித் துடையுங்கள். வண்டி கொஞ்சம் ஓடியதும் வரவழைத்து, கழற்றி, உள்நட்டை மறுபடி முடுக்குங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் வண்டிக்காரன் ஊர் கேட்கக் கத்தும்போது, அவன் அம்மாவும் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தப்பும் நம்முடையதாக இருக்கும்போது, அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்வது இருக்கிறதே, அது வேறு. வேலை தெரிந்தவர்களிலேயே நிறையப் பேருக்கு அது வராது. மெல்ல ஓட்டிக்கொண்டு போங்கள் சார் என்று சொல்லிவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். நானாக இருந்தால் சாவியை எடுத்திருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வரவில்லை. அவன் கைத்திறமையைப் பார்த்துப் பட்ட பொறாமை ஒன்றுமே இல்லை. இதுதான் பெரிசு.

அன்று அவர்கள் மலை ஏறவில்லை. பிள்ளைகள் கரையில் விளையாடிவிட்டு அழுதுகொண்டே வண்டியில் ஏறினார்கள். ஜீப் முன்னால் போனது, நான் ஸ்கூட்டரில் அந்த முன் இடது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். ராத்திரி ஆயுதங்களைக் கழுவி, மறுபடி பொட்டு வைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

விஜயதசமி காலையில் மொதலாளி வந்தார். தேங்காய் உடைத்தார். பூஜை எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். டார்க் ரெஞ்சுக்கு அவர் வைத்தது நீளப் பொட்டு, நான் வைத்தது வட்டப் பொட்டு.

"நான் வேண்டாம்னு சொன்ன பொறவும் பூஜையில கை வச்சீராவே?"

கடை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வந்தது. வாங்கப் போகிற ஏச்சைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. வாங்கிக்கொண்டு, ஏன் எடுத்தேன் என்று சொல்லலாம். குழியில் நிற்கிறவன் கல்லாறு வரை போய் என்ன செய்துவிட்டு வந்தான் என்று எல்லோரும் ஒரு தடவை கேட்கட்டும். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"நாந்தான் மொதலாளி அதுக்கப்புறம் போன் பண்ணி எடுத்துட்டு வரச் சொன்னேன்" என்றான் பிஜு. "அண்ணாச்சி எடுக்கமாட்டேன்னுதான் சொல்லிச்சு. நான் கட்டாயப்படுத்தினேன்."

கல்லாற்றில் ரேஞ்ச் கிடையாது என்று மொதலாளிக்கு எங்கே தெரியும். அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டார். நல்ல நாளும் அதுவுமாக என்னென்ன சொல்லக்கூடாதோ அத்தனையும் சொன்னார். பிஜு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். திட்டி முடித்ததும் மொதலாளிக்கே மனசு கேட்காமல், அவன் தோளில் தட்டி, முதல் கை பொரியை அவனுக்கே அள்ளிக் கொடுத்தார். எனக்கு இரண்டாவது கை.

பொரியை வாயில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். படங்களில் அவன் நிற்கட்டும், வண்டிக்காரர்கள் அவனையே கேட்டு வரட்டும், அதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் திட்டு என்னுடையது. அதையாவது அவன் எனக்கு விட்டிருக்கலாம்.